எந்த அறைக்கு என்று சொல்லுங்கள், மரத்தைப் பிறகு பார்ப்போம்

என் பட்டறைக்குள் காலை வைக்கும்போதே பெரும்பாலோர் கேட்பது "தேக்கு இருக்கிறதா?" என்றுதான். இருக்கிறது. ஆனாலும் நான் பதிலுக்கு "எந்த அறைக்கு?" என்று கேட்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள். தேக்கைக் கேட்டால் தேக்கைக் காட்ட வேண்டியதுதானே, இந்த ஆள் ஏன் வீட்டுக் கதையெல்லாம் விசாரிக்கிறான் என்று நினைப்பார்கள் போலிருக்கிறது.

என் தாத்தா ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். அப்பா சிங்கப்பூரின் சுங்கை காடுட் மர ஆலையில் ரம்பத்துக்குப் பலகை தள்ளியவர். நான் அதே வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாக அலமாரியும் மேசையும் செய்கிறேன். மூன்று தலைமுறையாக மரத்தோடு மல்லுக்கட்டியதில் நான் தெரிந்துகொண்டதை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கோ கூட்டுரிமை (கொண்டோமினியம்) வீட்டுக்கோ சாமான் செய்யக் கொடுக்கப்போகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் காற்றைப் பற்றி

நம் ஊரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். சராசரி 80-க்கு மேல். மரம் வெட்டுப்பட்டு எத்தனை ஆண்டு ஆனாலும் இந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். குடித்தால் அகலம் கூடும், விட்டால் குறையும். நீளம் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆகவே நீளமான ஒற்றைச் சட்டம் உங்களைக் கவலைப்பட வைக்காது. அகலமான மேசைப் பலகைதான் வைக்கும்.

சன்னலைத் திறந்தே வைத்திருக்கும் கூடத்தில் ஒரு பலகை ஏறத்தாழ 15 விழுக்காடு ஈரத்தோடு அமைதியாகும். இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் அதே பலகை 10, 11-க்கு இறங்கிவிடும். குளிர்நாடுகளிலிருந்து சூளையில் உலர்த்தி வரும் பலகையிலோ பல வேளை 8 விழுக்காடுதான் இருக்கும். அந்தப் பலகை இங்கே வந்து இறங்கியதும் தாகம் தீரக் குடிக்கும்.

கணக்காகவே பாருங்கள். 90 சென்டிமீட்டர் அகலமுள்ள மேசைப் பலகையின் ஈரம் 4 விழுக்காட்டுப் புள்ளி மாறுகிறது என்று வையுங்கள். தேக்கு என்றால் அகலத்தில் 6 அல்லது 7 மில்லிமீட்டர் மாறும். வெள்ளை ஓக் என்றால் 13 மில்லிமீட்டர். தேக்கின் புகழில் பாதி இந்த அடக்கத்தால் வந்தது. ஓக் கெட்ட மரம் என்று நான் சொல்லவில்லை. அந்த 13 மில்லிமீட்டருக்கு இடம் விட்டுச் செய்யத் தெரிந்தவரிடம் அதைக் கொடுங்கள் என்கிறேன்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் பாசிர் ரிஸில் ஒரு குடும்பத்துக்கு ஓக் சாப்பாட்டு மேசை செய்தேன். பலகையை இரும்புச் சட்டத்தோடு இம்மியும் அசையாதபடி திருகாணி போட்டு இறுக்கினேன். அப்போது அது எனக்குப் பெருமை. சில மாதம் கழித்து அவர்கள் கூடத்துக்கும் குளிர்சாதனம் பொருத்தினார்கள். ஒருநாள் நள்ளிரவில் 'டப்' என்று சத்தம். மேல்வீட்டில் எதையோ போட்டுவிட்டார்கள் என்று அந்த அக்கா நினைத்திருக்கிறார். காலையில் பார்த்தால் மேசை நடுவில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. சுருங்க நினைத்த மரத்தை நான் நகரவிடவில்லை, அது கிழிந்துகொண்டது. வேறு மேசை செய்து கொடுத்தேன், காசு வாங்காமல்.

இப்போதெல்லாம் திருகாணிக்கு வட்டத் துளை போடுவதில்லை, நீள்துளை போடுகிறேன். இது புதிய வித்தை இல்லை. தமிழ்நாட்டில் பழைய வீட்டுக் கதவைப் பாருங்கள்: சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, அதற்குள் பலகையைப் பசையில்லாமல் செருகியிருப்பார்கள். மழைக்காலத்தில் பலகை காடிக்குள்ளேயே விரியும், கோடையில் அங்கேயே சுருங்கும், கதவு கதவாகவே இருக்கும். ஈரப்பதத்துக்குக் கணக்குப் போட்டுச் செய்யவில்லை அந்த ஆசாரிகள். ஆனால் விடை சரியாக இருந்தது.

ஆகவே உங்கள் தச்சரிடம் ஈரமானி இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு ஊசி உள்ள சிறு கருவி, பலகையில் குத்தினால் எண்ணைக் காட்டும். குளிர்சாதன அறைக்கு 10 முதல் 12, காற்றோட்டமான கூடத்துக்கு 12 முதல் 14 என்பது நான் பார்க்கும் அளவு. 20 காட்டும் பலகையில் யாராவது அலமாரிக் கதவு செய்யப் புறப்பட்டால், முன்பணத்தைக் கொடுக்காமல் வந்துவிடுங்கள். கருவி இல்லை, கையால் தொட்டாலே தெரியும் என்று சொல்கிறவர்களும் உண்டு. என் அப்பா அப்படிச் சொல்வார். அவருக்கு உண்மையிலேயே தெரியும். எனக்குத் தெரியாது, கருவியை நம்புகிறேன்.

சமையலறை

இங்கே நான் கறார். அடுப்படி அலமாரியின் பெட்டிக்குக் கட்டை மரம் வேண்டாம், தேக்கே ஆனாலும் வேண்டாம். ஒட்டுப்பலகைதான் சரி. அதில் மெல்லிய தாள்மரங்களை ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால், ஒரு தாள் விரிய நினைத்தால் அடுத்த தாள் பிடித்துக்கொள்ளும். 18 மில்லிமீட்டர் தடிப்பு போதும்.

மரத்தூளையும் சிம்புகளையும் பசையில் குழைத்து அழுத்திய பலகை விலை குறைவு. என் தங்கைக்குக் கல்யாணமான புதிதில், அவள் கையில் காசு குறைவு என்று அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் மூட்டு ஒன்று சொட்டியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. தேநீரில் தோய்த்த ரஸ்க் மாதிரி அடிப்பலகை ஊதிப் போயிருந்தது; விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று. தங்கை இன்றுவரை பொங்கலுக்குப் பொங்கல் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். படுக்கையறைப் புத்தக அடுக்குக்கு அந்தப் பலகை பரவாயில்லை. தண்ணீர்க் குழாய் இருக்கும் சுவரோரம் கூடாது.

ஒட்டுப்பலகையிலும் தரம் உண்டு. வெட்டு விளிம்பைக் காட்டச் சொல்லுங்கள். தாள்கள் ஒரே சீராக இருக்க வேண்டும், நடுவில் ஓட்டை தெரியக் கூடாது. ஓட்டை உள்ள இடத்தில் கீல் திருகாணி விழுந்தால் கதவு ஒரு வருடத்தில் தொங்கும். பசை நீரைத் தாங்குமா என்று சந்தேகம் வந்தால் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை வாங்கிப் போய்க் கொதிநீரில் சில மணி நேரம் போட்டு வையுங்கள். தாள் தாளாகப் பிரிந்தால் அது அடுப்படிக்கு ஆகாது. பலகைப் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடின் அளவை இ1, இ0 என்ற வகைகளால் குறிப்பார்கள். இ0-வில் கசிவு இன்னும் குறைவு. கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் இ0 கேளுங்கள்.

பலகையை விடவும் முக்கியம், வெட்டிய விளிம்புகளை மூடுவது. தொட்டிக்காக அறுத்த துளை, குழாய் நுழையும் ஓட்டை, அடிப்பலகையின் பின்விளிம்பு ஆகியவை உங்கள் கண்ணில் படாத இடங்கள். அங்கேதான் சோம்பல் நடக்கும். பொருத்திய அன்று கைப்பேசி விளக்கை அடித்துத் தொட்டிக்குக் கீழே தலையை நீட்டிப் பாருங்கள். தச்சர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நம் சமையலுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். படத்தில் பார்த்த வெளிர் ஓக் நிறத்தில் மேசைத்தளம் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். மஞ்சள்தூள் என்ற ஒன்று நம் வீட்டில் இருக்கிறது. வெளிர் மரத்தில் மஞ்சள் பட்டால் அது அங்கேயே குடியிருக்கும். ஓக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு: அதன் துவர்ப்புச் சத்தும் ஈர இரும்பும் சேர்ந்தால் கறுத்துவிடும். ஈரமான இரும்புத் தோசைக்கல்லை அதன்மேல் ஒருமுறை வைத்து எடுங்கள், வளையம் தெரியும். சமையல்தளத்துக்குக் கல் போடுங்கள். கதவு முகப்புக்கு லேமினேட் போடுங்கள். மரம் வேண்டும் என்ற ஆசையைக் கூடத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.

பூஜை மாடம்

இங்கே நானே தேக்கை எடுத்து நீட்டுவேன். விளக்கெண்ணெய் சொட்டும், ஈரப் பூ கிடக்கும், கற்பூரப் புகை படியும், குங்குமம் கொட்டும். இத்தனையையும் தாங்க இயற்கையிலேயே எண்ணெய்ப் பசை உள்ள மரம் வேண்டும். அந்த எண்ணெய்ப் பசையே தச்சனுக்குத் தொந்தரவும்கூட: ஒட்டும் பசை சரியாகப் பிடிக்காது. பொருத்துகளை ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். உங்கள் தச்சர் துடைப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். "எதற்கு?" என்று அவர் திருப்பிக் கேட்டால் அவர் தேக்கில் அதிகம் வேலை செய்ததில்லை.

விளக்கு வைக்கும் இடத்தில் மரத்தின்மேல் நேராக வைக்காமல், கழற்றி எடுக்கும்படி பித்தளைத் தட்டோ கறுப்புக் கிரானைட் துண்டோ போடச் சொல்லுங்கள். சுடருக்கு மேலே எவ்வளவு இடம் விட முடியுமோ அவ்வளவு விடுங்கள். மேல்பலகை தாழ்வாக இருந்தால் முதலில் கருகும், பிறகு அந்தக் கரியைத் தேய்த்துத் தேய்த்து நீங்களே பள்ளம் பறிப்பீர்கள். ஈசூனில் ஒரு வீட்டில் மாடத்துக்குக் கதவே வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு விளக்கு அணையும் முன் கதவைச் சாத்துகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது கதவு வேண்டும் என்பவர்களுக்கு ஓட்டை போட்ட வேலைப்பாட்டுக் கதவுதான் செய்து கொடுக்கிறேன்.

புதிதாக இழைத்த தேக்கு திட்டுத் திட்டாக, பச்சையும் பழுப்பும் கலந்து தெரியும். உடனே கவலைப்பட்டு என்னை அழைப்பார்கள். சில வாரம் வெளிச்சம் பட்டால் பொன்பழுப்பாக ஒன்றுசேர்ந்துவிடும். வால்நட் இதற்கு நேர்மாறு, வெயில் பட்டால் வெளுக்கும். மேற்குச் சன்னலோரம் வால்நட் அலமாரி வைத்து, அதன்மேல் ஒரு படச்சட்டத்தையும் வைத்துவிட்டு ஓராண்டு கழித்து எடுத்தால், சட்டத்தின் நிழல் மரத்தில் அப்படியே இருக்கும்.

நாற்காலிக்குப் பால்மரம்

ரப்பர் மரம் என்றால் நம்மவர்கள் கொஞ்சம் இளப்பமாகப் பார்க்கிறார்கள். தோட்டத்தில் தாத்தா பாட்டி பட்ட பாட்டின் நினைவோ என்னவோ. 1877-இல் இங்கே வந்த கன்றுகள், எங்கள் அப்பா தலைமுறை பூமலை என்று அழைத்த தாவரவியல் பூங்காவில் வளர்ந்தவை, மலாயாவின் தோட்டங்களுக்கெல்லாம் வித்தாயின. பால் வற்றிய மரங்களை இருபத்தைந்து, முப்பது ஆண்டில் வெட்டுகிறார்கள். முன்பெல்லாம் விறகு, இப்போது மேசை நாற்காலி. சீரான ரேகை, நடுத்தர எடை, அதிகம் சுருங்காது. சாப்பாட்டு நாற்காலிக்கும் பிள்ளைகளின் படிப்பு மேசைக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

குறை ஒன்று உண்டு: மாவுச்சத்து அதிகம், பூச்சிக்குப் பிடித்த மரம். அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றாவிட்டால் பூஞ்சை நீலம் பாரிக்கும், பிறகு உளுக்கும். நாற்காலிக்குக் கீழே முகப்பவுடர் சிந்தியது போல் மெல்லிய தூள் தெரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வாங்கும்போதே மருந்தேற்றியதா என்று கேளுங்கள்.

நியாத்தோ இன்னொரு நல்ல தேர்வு. செம்பழுப்பு, இழைத்தால் வழவழப்பு. மெராந்தியைச் சட்டங்களுக்கும் உள்வேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இலகு வகையும் கனத்த வகையும் உண்டு, கையில் தூக்கிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முழு மரத்தை நீளவாக்கில் அறுத்த தடித்த பலகை மேசைகள் பற்றி நிறையக் கேட்கிறார்கள். 'சுவார்' என்று விற்பது நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் இனமேதான். அழகு, மறுக்கவில்லை. ஆனால் காற்றில் உலர ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு; மூன்று அங்குலப் பலகைக்குக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே உலர்ந்தும் நடுவில் ஈரமாகவும் இருக்கும் பலகையை வாங்கி வீட்டில் போட்டால், தூங்குமூஞ்சி அங்கே வந்துதான் விழித்துக்கொள்ளும். ஈரமானியை அறுத்த முனைக்குப் பக்கத்தில் குத்தாதீர்கள், அங்கே எப்போதும் உலர்ந்துதான் இருக்கும். பலகையின் நடுவில் குத்தச் சொல்லுங்கள், அதுவும் நீள ஊசியால்.

மாடத்துக்கு, அதாவது மழைச்சாரல் அடிக்கும் பால்கனிக்கு, செங்கால் அல்லது பாலாவ். ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தில் காலுக்குக் கீழே இருக்கிறதே, அது மஞ்சள் பாலாவ்; 2008-லிருந்து வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. ஆணி இறங்காது, கையும் ஓய்ந்துவிடும், வீட்டுக்குள் நாற்காலி செய்தால் நகர்த்த இரண்டு பேர் வேண்டும். வெளியே மட்டும் போடுங்கள். குளியலறைக்கு மரமே வேண்டாம், அலுமினியம் போடுங்கள்.

தேக்கு என்ற பெயரில்

முதலில் ஒரு வேடிக்கை. லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவின் பெயர் தேக்கு மரத்திலிருந்து வந்தது என்று என் வாடிக்கையாளர் ஒருவர் அடித்துச் சொன்னார். அது ஹாக்கியன் மொழியில் மூங்கிலடி. பெயரை வைத்து மரத்தை முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும். 'ஆப்பிரிக்கத் தேக்கு' என்று விற்பது பெரும்பாலும் இரோகோ. 'பிரேசில் தேக்கு' குமாரு. அவை நல்ல மரங்கள்தாம், தேக்கு மட்டும் இல்லை. இன்னும் சிலர் நியாத்தோவுக்குத் தேக்கு நிறச் சாயம் பூசிவிடுகிறார்கள்.

சாமானின் அடிப்பக்கத்தில், மறைவான இடத்தில், உப்புத்தாளால் சற்றே தேய்க்க அனுமதி கேளுங்கள். தேக்குத்தூளைத் தொட்டால் மெழுகுத் தன்மை தெரியும், முகர்ந்தால் பழைய தோல் செருப்புக் கடை வாசம் வரும். சாயம் பூசியதென்றால் அடியில் வேறு நிறம் எட்டிப் பார்க்கும்.

உண்மைத் தேக்கிலும் பார்க்க வேண்டியது வைரம். நடுவிலுள்ள வைரத்தைக் கறையான் எளிதில் தீண்டாது. ஓரத்திலுள்ள வெளிறு அதற்குச் சோறு. இளம் தோட்டத் தேக்கில் வெளிறு அதிகம். விலைப்பட்டியலில் 'தேக்கு' என்று மட்டும் எழுதியிருந்தால், வெளிறு எவ்வளவு அனுமதி என்றும் எழுதி வாங்குங்கள். கறையான் பத்தாவது மாடிக்கெல்லாம் வராது என்று நம்ப வேண்டாம், வரும்.

இந்தியாவில் பாட்டியின் ஈட்டி மரக் கட்டிலோ ஊஞ்சலோ இருந்து, அதை இங்கே கொண்டுவரும் ஆசை இருந்தால் கப்பலில் ஏற்றும் முன் தேசியப் பூங்காக் கழகத்திடம் விசாரியுங்கள். ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு உடன்பாட்டின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அனுமதித் தாள் இல்லாமல் எல்லை தாண்டினால் பாட்டியின் கட்டில் என்பதெல்லாம் செல்லாது.

விலை பேசும்போது ஒன்று. இந்த வட்டாரத்தில் அறுத்த மரத்துக்கு 'டன்' என்று சொன்னால் அது எடை இல்லை, 50 கன அடி. கழிவும் சேர்த்துத்தான் மரம் வாங்க வேண்டும். முடிச்சும் வெடிப்பும் வெளிறும் போக மீதிதான் உங்கள் அலமாரி. அதற்காகத் தச்சரிடம் பேரம் பேசாதீர்கள். வேண்டுமானால் கூலிக்குப் பேசுங்கள்.

மின்தூக்கியை அளந்துவிட்டீர்களா? எட்டடிப் பலகை சில பழைய புளோக்குகளின் மின்தூக்கிக்குள் எப்படிச் சாய்த்தாலும் போகாது. அப்போது அலமாரியை இரண்டாகப் பிரித்துச் செய்ய வேண்டும், அதை வரையும்போதே முடிவு செய்ய வேண்டும். செய்து முடித்த பிறகு சொல்லி, என் பையன்களை ஒன்பது மாடி படியேற வைத்தவர் ஒருவர் உண்டு. நல்ல மனிதர்தான், பிறகு பந்தோங் (ரோஸ் பால்) வாங்கிக் கொடுத்தார்.

சாமான் வந்து இறங்கிய முதல் சில வாரங்கள் குளிர்சாதனத்தைக் கடுங்குளிரில் வைக்காதீர்கள், மரம் மெல்லப் பழகட்டும். வெளிச்சுவரை ஒட்டி வைக்கும் அலமாரிக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். முதல் மாதத்தில் இரவில் 'டிக்' என்று சின்னச் சத்தம் கேட்கலாம். மரம் காடிக்குள் நகர்கிறது, அதற்காக என்னை எழுப்ப வேண்டாம். காலையில் எழுந்து கதவு முன்போலவே மூடுகிறதா என்று பாருங்கள். இடித்தால் அழையுங்கள், இழைப்புளியோடு வருகிறேன்.